பச்சை அடித்த மெழுகுதிரிக் கால்கள்

எனாமல் பெயிண்ட் வாசனை வாசலுக்கே வந்து, முதலாளியோடு வந்த முத்துராணியின் முகத்தில் அறைந்தது. உள்ளே மேசையில் வெள்ளைத் துண்டு விரித்து, அதன்மேல் இரண்டு மெழுகுதிரிக் கால்களும் பச்சைப்பசேலென்று நின்றன. பக்கத்தில், வருகிறவர்கள் குடிக்க வாங்கிவைத்த இரண்டு கலர் பாட்டில்கள். சவேரியம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக, "வாங்க அண்ணாச்சி, வா பிள்ள" என்றாள்.

போன வாரம் பார்த்தபோது அவை இப்படி இல்லை. சவேரியம்மாளின் மாமனார் ஊர் மாதா கோயிலில் உபதேசியாராக இருந்த காலத்து மரக்கால்கள். ஏதோ பெரிய கோயிலின் வெள்ளிக் காலைப் பார்த்துவிட்டு வந்த உள்ளூர் ஆசாரி மனசில் நின்றதைக் கடைந்திருக்கிறான். ஒன்று மற்றதைவிட அரை விரல் குட்டை. உச்சியில் திரியைக் குத்தி நிறுத்த கொல்லன் அடித்த ஆணி. புகையேறிப் பழுத்த சிவப்பின்மேல் தடிப்பான மஞ்சளில் திராட்சைக்கொடி. வரைந்தவன் திராட்சையைக் கண்டதே இல்லை. இலையெல்லாம் பாகல் இலை. அந்தக் கோணலுக்குத்தான் விலை.

வீட்டின் முதல் பட்டதாரி முத்துராணி. வரலாறு எம்.ஏ. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பாளையங்கோட்டையில் தாணுமாலையனின் பழம்பொருள் கடையில் பொருளைப் பார்த்து மதிப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவும் சவேரியம்மாளும் முக்கூடலில் ஒரே கம்பெனிக்குப் பீடி சுற்றியவர்கள். சவேரியம்மாளின் மகள் பிரீதாவுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. கால்கள் விலைபோனால் அவள் படிக்கப் போவாள். இல்லையென்றால் பீடித்தட்டு. அதற்காகத்தான் முத்துராணி முதலாளியையே கூட்டி வந்திருந்தாள்.

"யாரு சித்தி இத அடிச்சது?"

"நாந்தான். கிறிஸ்மசுக்கு சன்னலுக்கு அடிச்ச மிச்சம் கெடந்துச்சு. பொண்ணு பாக்க வாறவுக முன்னால மூஞ்சி கழுவாமலா நிறுத்துவாக? ரெண்டு தடவ அடிச்சு காய வச்சிருக்கேன்."

அடுப்படி நிலையில் சாய்ந்திருந்த பிரீதா சிரித்தாள்.

முத்துராணிக்கு உச்சந்தலை கொதித்தது. யாராவது வருகிறார்கள் என்றால் உடனே நம்மை நாமே பூசி மறைத்துக்கொள்கிற புத்தி. கல்லூரிக்குப் போன முதல் நாள் பவுடரை அப்பிக்கொண்டு போனவள்தான் அவளும்.

"கெடுத்துட்டியளே சித்தி! எல்லாம் போச்சு. இனிமே இது விறகுதான். அடுப்புல வைங்க."

தாணுமாலையன் மேசைக்கு வந்தார். ஒன்றைத் தூக்கித் திருப்பி, ஆணியடியில் நகத்தால் லேசாகத் தடவிவிட்டு வைத்தார்.

"மண்ணெண்ண போட்டுத் தேச்சா போயிராதா பிள்ள?"

"அடியில உள்ளதும் சேந்து போயிரும்."

"சரி, விடும்மா" என்றார் தாணுமாலையன். "கூப்பிட்டுட்டிய, வெறுங்கையா போவக்கூடாது. இந்த விறக நானே எடுத்துக்கிடுதேன்." சட்டைப் பையில் கைக்கு வந்த நோட்டுகளை எடுத்து நீட்டினார். சவேரியம்மாள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நல்லா இருப்பிய என்று வேறு சொன்னாள். பிரீதாவை நிலையில் காணவில்லை. உள்ளே பீடி இலை வெட்டும் கத்தரிச் சத்தம் கேட்டது.

திரும்பும்போது காரில் கால்கள் இரண்டும் முத்துராணியின் மடியில் கிடந்தன. ஆற்றுப் பாலத்தில் காரை மெதுவாக்கி, தாணுமாலையன் எட்டி ஆணியடியில் நகத்தைக் கொடுத்து இழுத்தார். வெயிலில் உரிகிற தோல்போல பச்சை நீளமாக வந்து அவள் கையில் விழுந்தது. அடியில் சிவப்பு. ஒரு மஞ்சள் இலை. வருஷக்கணக்காக மெழுகு ஊறிய மரத்தில் பெயிண்ட் பிடிக்காது. அது அவளுக்கும் தெரியும். கோபம் யோசிக்க விடவில்லை.

"அங்கனயே தெரியுமா அண்ணாச்சி?"

"தொட்டதுமே."

"அப்ப ஏன் சொல்லல?"

"நான் எங்கம்மா வாயத் தொறந்தேன்? விறகுன்னது நீ. எம்.ஏ. படிச்ச பிள்ள சொல்லுதா, நான் மறுத்துப் பேசவா?"

"வண்டிய நிறுத்துங்க. திருப்பிக் குடுத்துட்டு வாறேன்."

"அது இப்ப எம் பொருளு. எறங்கணும்னா எறங்கு. நாளைக்குக் கடைப்பக்கம் வராத."

காரை நிறுத்தினார். மடியிலிருந்த இரண்டையும் பதமாக எடுத்துப் பின் சீட்டில் படுக்க வைத்தார். அவள் இறங்கினாள். கார் போய்விட்டது.

ஒரு கையில் பையும் குடையும். மறுகையை மெல்லத் திறந்தாள். பச்சைத்தோல் புரண்டு கிடந்தது. அதன் உள்பக்கம் ஒரு பாகல் இலையின் அச்சு, நரம்பு நரம்பாக. சட்டென்று மூடிக்கொண்டாள். சித்தியிடம் காட்ட இது ஒன்றுதான் மிச்சம். முக்கூடல் போகிற பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு பாலத்தில் ஏறியது. கை காட்ட வேண்டும். விரலைப் பிரித்தால் ஆற்றுக்காற்று அதைக் கொண்டுபோய்விடும்.