இருந்தபடி விட்ட அறை

அறையைக் காலி செய்து எட்டு நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், வீட்டுக்காரியான சலவைக் கடைக்கார அக்கா போனில் கூப்பிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பட்டறையில் ஒரு லென்ஸின் ஓரத்தை அவன் சாணையில் தேய்த்துக்கொண்டிருந்த நேரம்.

"தம்பி, என் மேல உனக்கு என்ன கோவம்?"

"கோவமா? ஒண்ணும் இல்லீங்களே அக்கா."

"அப்புறம் ஏன்ப்பா அறைய இப்படிச் சீரழிச்சு வச்சிட்டுப் போன? ரெண்டு பேர் வந்து பாத்தாங்க. ரெண்டு பேரும் செருப்ப மாட்டிக்கிட்டு ஓடிட்டாங்க. சாயந்தரம் அஞ்சு மணிக்கு ஒரு நர்ஸ் பொண்ணு வருது. அதுவும் ஓடிடுச்சுன்னா உன் பணத்த மறந்துடு."

அந்தப் பணத்தை அவனால் மறக்க முடியாது. ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கொடுத்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்று அக்கா சொன்னதை நம்பிக் கையில் இருந்ததையெல்லாம் கொடுத்திருந்தான். இரண்டே மாதத்தில் பட்டறையை ஊரின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். பட்டறைக்குப் பக்கத்திலேயே அவனுடைய சொந்த அக்காவின் வீடு இருந்தது, அங்கே போய்விட்டான். வேறு ஆள் வந்தால் மிச்சம் நாலு மாத வாடகையைச் சலவைக் கடை அக்கா திருப்பித் தருவதாக, வராவிட்டால் இல்லை என்பதாகப் பேச்சு. அவன் படிக்கும் மாலை வகுப்பின் தேர்வுக் கட்டணத்துக்கு மறுநாள், சனிக்கிழமை, கடைசி நாள். கட்டாவிட்டால் ஒரு வருடம் உட்கார்ந்து படித்தது தண்ணீரில் போகும்.

மதியம் விடுப்புச் சொல்லிவிட்டு, அரம், திருப்புளி, ரப்பர் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனான்.

சலவைக் கடை கீழே, அறை மேலே. அக்கா முழங்கால் வலிக்காரி. படி ஏறி வருடக்கணக்காகிவிட்டது. இன்று கோபம் அவளை மேலே ஏற்றியிருந்தது. கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சுற்றிலும் கையைக் காட்டினாள்.

"பாரு. பல்பு எரியல. குழாய் ஒழுகுது. ஜன்னலுக்குக் கொக்கி இல்ல. மேசை ஆடுது. சாவியத் தூக்கிப் பிடிச்சாத்தான் பூட்டு திறக்குது. இது என் அறையா?"

"ஆமாங்க அக்கா. நான் வந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு."

"எனக்கே காது குத்துறியா? உனக்கு முன்னாடி இருந்த வாட்ச்மேன் நாலு வருஷம் இருந்தாரு. ஒரு வார்த்தை சொன்னதில்ல. தங்கமான மனுஷன்."

அவன் பையிலிருந்து நோட்டை எடுத்தான். எதற்கெடுத்தாலும் எழுதி வைப்பதால் வீட்டில் அவனுக்குப் பட்டியல் என்றே பெயர். குடி வந்த அன்றைய தேதி போட்டு, அறையின் குறைகளை ஒன்று முதல் பதினொன்று வரை எழுதியிருந்தான். போய்ச் சொன்னால் வந்ததும் வராததுமாகக் குறை சொல்கிறான் என்று நினைப்பாளோ என்று கூச்சப்பட்டு, முடிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தன் செலவிலேயே சரி செய்தான். கழற்றிய பழைய சாமான்களுக்கு எண் போட்டு ஓர் அட்டைப்பெட்டியில் கட்டிலுக்கடியில் வைத்திருந்தான்.

காலி செய்யும் நாளில் குழப்பம் வந்தது. தான் வாங்கியது தன்னுடையது. அக்காவுடையதை அக்காவிடமே விட்டுவிட வேண்டும். யோசித்துப் பார்த்ததில் இதுதான் நியாயமாகப் பட்டது. மூன்று மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருப்பி வைத்தான். எரியாத பல்பைத் துடைத்து மாட்டினான். பழைய குழாயைப் பொருத்தி, முன்பு ஒழுகிய அளவுக்கே ஒழுகுகிறதா என்று நின்று பார்த்தான்.

அக்கா நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். முகத்தில் இருந்த கோபம் மெல்ல மெல்ல வேறு ஏதோவாக மாறியது.

"ஏன்டா, நல்லா எரியிற பல்பக் கழட்டிட்டு, பீஸ் போன பல்ப யாராவது பத்திரமா மாட்டுவாங்களா?"

"அது உங்களோடதுங்களே அக்கா."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "உன்னப் பெத்தவங்க எப்படித்தான் சமாளிச்சாங்களோ. சரி, கழட்டினதெல்லாம் எங்க?"

அவன் சொந்த அக்காவுக்குப் போன் போட்டான்.

"குழாயா? அத எங்க குளியலறையில மாட்டிட்டேன்டா. உங்க மாமா இப்ப உள்ள குளிச்சிட்டு இருக்காரு. சோப்போட நிக்கிற மனுஷன வெளிய வரச் சொல்லவா?"

"பல்பாவது..."

"அது சமையலறையில எரியுது. ரெண்டு மாசமா இருட்டுல சமைச்சேன், இப்பத்தான் அரிசியில இருக்கிற கல்லு கண்ணுக்குத் தெரியுது. கொடுத்தத திருப்பிக் கேக்காதடா பட்டியல்."

போனை வைத்தபோது மணி இரண்டேகால். புதிதாக வாங்கக் காசு கிடையாது. ரப்பர் துண்டில் வட்டமாக வாஷர் வெட்டிக் குழாயின் வாயில் வைத்து முறுக்கினான், ஒழுகல் நின்றது. சாவியின் பல்லை அரத்தால் மயிரிழை மயிரிழையாகத் தேய்த்தான். ஆறாவது தடவையில் பூட்டு சொன்னபடி கேட்டது. உடைந்த மூக்குக்கண்ணாடி ஒன்றின் காதுக்கம்பி பையில் கிடந்தது. அதை வளைத்து ஜன்னல் கொக்கியாக்கினான். மேசைக் காலுக்கு அட்டை மடித்து வைத்தான். பல்புக்கு மட்டும் கீழே சலவைக் கடையில் இருந்த ஒன்றைக் கழற்றிக்கொள்ளச் சொன்னாள் அக்கா. நாலே முக்காலுக்குப் பத்துக் குறைகளும் தீர்ந்தன. பதினொன்றாவது கையில் அடங்காதது. ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரை கீழே இஸ்திரி ஓடும். தரை வழியாகச் சூடு ஏறி அறை அடுப்பாகிவிடும்.

வெறுங்காலில் நின்றவனுக்கு அப்போதுதான் உறைத்தது: தரை குளிர்ந்திருந்தது. வந்ததிலிருந்தே கீழே சத்தமில்லை. அக்கா இன்று இஸ்திரியை ஓட்டவேயில்லை.

நர்ஸ் சரியாக ஐந்துக்கு வந்தாள். அவனைப் போலவே நிதானக்காரி. குழாயைத் திறந்து மூடினாள், ஜன்னலைச் சாத்தித் திறந்தாள், பூட்டை இரண்டு முறை பூட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்கு. ஏன் காலி பண்றீங்க?"

"பட்டறை தூரமாப் போயிடுச்சுங்க."

"வேற குறை எதுவும் இல்லையே? எனக்கு ராத்திரி டியூட்டி. பகல்லதான் தூங்கணும்."

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்குக் கட்டணம் கட்டிவிடலாம். அவனால் சொல்லவும் முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. கடைசியில் நோட்டைக் குறைகள் எழுதிய பக்கத்துக்குத் திருப்பி நர்ஸிடம் நீட்டிவிட்டான்.

"பதினொன்ன மட்டும் பாருங்க. மத்தது முடிஞ்சிடுச்சு."

அவள் படித்தாள். அக்கா அவனைப் பார்த்த பார்வையின் சூட்டுக்கு இஸ்திரிப் பெட்டியே வேண்டாம், துணிச் சுருக்கம் தானாகவே போய்விடும்.

"எட்டு மணிக்குப் படுத்தா ரெண்டு மணிக்கு எழுந்திருப்பேன்," என்றாள் நர்ஸ். "நீங்க ஒரு மணிக்கு ஓட்டுறத ரெண்டுக்கு ஓட்டுவீங்களா?"

"ரெண்டுக்கு ஆரம்பிச்சா நான் எப்பம்மா முடிக்கிறது? ஒன்றரை."

"அப்ப வாடகைய பத்துல ஒரு பங்கு குறைங்க."

ஒழுகாத குழாயைச் சாட்சி வைத்துக் கால் மணி நேரம் பேரம் நடந்தது. முடிவில் ஒன்றரை மணி, பத்தில் ஒரு பங்கு குறைவு. நர்ஸ் அங்கேயே முன்பணம் எண்ணிக் கொடுத்தாள். போகும்போது நோட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

கீழே கல்லாவைத் திறந்து அக்கா சொன்னாள்: "அந்தப் பொண்ணு தர்ற கணக்குலதான் உனக்கும் நாலு மாசம். குறைஞ்சது உன் வாயால குறைஞ்சது. சம்மதமா?"

"சம்மதங்க அக்கா."

கட்டணம் போகவும் கொஞ்சம் மிஞ்சும். இரண்டு முறை எண்ணிப் பையில் வைத்தான். வாசல் வரை போனவன் நின்றான். யோசித்தான். திரும்பி வந்தான்.

"என்னப்பா, கம்மியா இருக்கா?"

"இல்லீங்க. கட்டிலுக்கு மேல சுவத்துல ஒரு ஆணி ஓட்டை இருந்துச்சு. வந்த புதுசுல பூசிட்டேன். காலி பண்றப்ப அத மறுபடி தோண்டுறதா வேணாமான்னு ரொம்ப நேரம் நின்னேன். தோண்டல. அத மட்டும் இருந்தபடி விடல."

அக்கா கல்லாவை இழுத்துச் சாத்தினாள்.

"ராசா," என்றாள், "பஸ் வருது, ஓடிப் போயிடு."