அண்ணன் வரும் கார்டு

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதில் அவள் கெட்டிக்காரி. கடைத்தெருவில் அவளுக்குத் திருப்புளி என்றே பெயர். அண்ணி துண்டில் சுற்றிக் கொண்டுவந்த கிராஃபிக்ஸ் கார்டைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. செத்துப்போன அண்ணனுடைய கார்டு அது.

"இது ஏஜிபி, பழைய ஸ்லாட்டு. இப்ப வர்ற மதர்போர்டெல்லாம் பிசிஐ எக்ஸ்பிரஸ் அண்ணி. அதுல இது உக்காரவே உக்காராது. புதுசாப் போட்டுத் தர்றேன், பறக்கும் பாருங்க."

"பறக்க வேணாம்மா. எங்க போர்டு எரிஞ்சுபோச்சு. இதுக்குப் பொருந்துற போர்டாப் போடு. உங்க அண்ணன் இதுலதான் வர்றாரு. தினம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைதான் பாப்பேன்."

சொல்லிவிட்டு அண்ணி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். கை எலும்பும் தோலுமாக இருந்தது. புருஷன் போன துக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

அலமாரியில் பழைய போர்டு ஒன்றே ஒன்று கிடந்தது. அண்ணியை முன்பக்கம் உட்காரவைத்துவிட்டு, உள்ளறையில் அதை எடுத்து வைத்துக் கார்டைச் செருகி ஸ்விட்சைப் போட்டாள். ஹார்ட் டிஸ்க் கிடையாது. திரையில் நாலு வரி எழுத்து வந்து நின்றிருக்க வேண்டும். வந்ததோ அண்ணன் வீட்டுக் கூடம்! இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அண்ணன், கன்னம் உப்பி, சிரித்த முகமாக. உயிரோடு இருந்தபோதுகூட அவன் அவ்வளவு தெம்பாக இருந்ததில்லை. மற்றதில் அண்ணி. அவள் உடம்பை ஊடுருவி நாற்காலியின் முதுகுக் கம்பிகள் தெரிந்தன.

அடிப்பாவி, இத்தனை நாளும் உன்னையேவா ஊட்டிக்கொண்டிருந்தாய்!

ஸ்விட்சை அணைத்தாள். இந்தப் போர்டைக் கொடுத்தால் அண்ணி மிஞ்சமாட்டாள். கொடுக்காவிட்டால் அண்ணன் போனது போனதுதான். வெளியூரில் மாட்டிக்கொண்டு, கடைசியாக அவன் முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்காத தங்கை அவள். அந்த வேதனை இன்னும் நெஞ்சில் அப்படியே இருந்தது.

முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கார்டும் போயிடுச்சு அண்ணி. போட்டுப் பாத்துட்டேன்."

"நல்லாப் பாத்தியாம்மா?"

"நல்லாப் பாத்தேன்."

அண்ணி குலுங்கிக் குலுங்கி அழுதாள். புதுப் போர்டில் புதுக் கார்டைப் பூட்டி முடிக்கும்வரை அழுதாள். வண்டியில் ஏற்றிவிடும்போது, "பசிக்குதும்மா" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

அப்பாடா என்று உள்ளே வந்த திருப்புளி, கார்டை நொறுக்கிவிடச் சுத்தியலை எடுத்தாள். ஓங்கிய கை இறங்கவில்லை. ஒரே ஒரு தடவை, முகத்தை மட்டும் பார்த்துக்கொள்வோம். ஸ்விட்சைப் போட்டாள்.

அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான். காலியாயிருந்த நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப்போட்டுத் தட்டிக் காட்டினான்.

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். போய்க் கடைக்கதவைச் சாத்தி, உள்ளே தாழிட்டாள்.

"வந்துட்டேண்ணே."