ஆறப்போட்ட தண்ணி

சங்குச் சத்தம் தெருமுனையைத் தாண்டுவதற்குள் பொன்னியம்மா முதல் குடத்தைக் கவிழ்த்துவிட்டாள். செத்துப்போன நாகப்பனின் அக்கா அவள். இந்த வீட்டில் இனி ஆகவேண்டியதைச் சொல்ல அவள்தான் மூத்தவள்.

"ஊட்டுல கீற தண்ணியெல்லாம் கொட்டுங்கடி. சாவு ஊட்டுல பழைய தண்ணி நிக்கக் கூடாது."

அண்டா, தவலை, சொம்பு வரை காலியாயின. முற்றத்தில் ஓடிய தண்ணீரில் சாமந்தி இதழ்கள் போயின. வடிவு சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷனைத் தூக்கிக்கொண்டு போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"நேத்துலேர்ந்து கேக்கணும்னு கீறேன்," பொன்னியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "வாசல்லயே கொழாய் கீது. நெஞ்சுவலிக்காரன் கெணத்தாண்ட இன்னாத்துக்குப் போனான்?"

வடிவின் கண் கூடத்து மூலைக்குப் போனது.

"தொட்டிக்குத் தண்ணி மாத்த..." என்றாள்.

அது பொய்யில்லை.

மூலையில் இரண்டடிக் கண்ணாடித் தொட்டி. அம்பத்தூர் ஏரியிலிருந்து நாகப்பன் கொண்டுவந்த நாடா இலைச் செடிகள், ஏழு தடவை அலசிய ஆற்றுமணலில் வேர்பிடித்து மேல்மட்டம் வரை வளர்ந்திருந்தன. நடுவில் நாலு கறுப்பு மீன்கள். "மீனுங்க விருந்தாளி வடிவு. செடிங்கதான் குடித்தனம்" என்பான். ஞாயிறுதோறும் அவளுடைய தையல் கத்தரியால் இலை நறுக்குவான்.

"எனக்கு ஒரு முழம் பூ வாங்கத் துப்பில்ல. தண்ணிக்குள்ள தோட்டம் வேற!" என்பாள் வடிவு.

"அங்க நட்டதெல்லாம் உன் பேர்லதான்டி கீது."

குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் நெடி. அப்படியே ஊற்றினால் மீன் செத்துவிடும். கிணற்றில் சேந்தக் கூடாதென்று டாக்டர் சொன்னதிலிருந்து, குழாய்த் தண்ணீரை முந்தின நாளே சிவப்பு பக்கெட்டில் பிடித்துத் திறந்து வைப்பான். நெடி போகும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. அவன் வைத்த பெயர்தான், ஆறப்போட்ட தண்ணி.

முந்தாநாள், சனிக்கிழமை, சினிமாவுக்குப் போகலாம் என்றிருந்தான். ஒரு செடி வேரோடு மிதக்கிறதென்று மணலைக் கிளற உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. வடிவு நைலக்ஸ் புடவையை மாற்றாமலே படுத்துக்கொண்டாள். ஞாயிறு காலை, குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே, சிவப்பு பக்கெட்டைத் தூக்கி வாசல் கழுவினாள்.

"ஆறப்போட்ட தண்ணி எங்க வடிவு?"

"வாசல்ல கீது. போய் அள்ளிக்குங்க."

எட்டிப் பார்த்தான். சிரித்தான். "வாசல் பளபளன்னு கீது" என்று சொல்லிவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த கிணற்றுக் கயிற்றை எடுத்தான். அவள் அதைப் பார்த்தாள். தடுக்க ஒரு வார்த்தை போதும். அம்மிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிணற்று ராட்டினம் இரண்டு தடவை கிறீச்சிட்டது. மூன்றாவது தடவை பாதியில் நின்றது.

"அப்ப இந்தத் தொட்டிதான் என் தம்பிய முழுங்கிச்சா!"

பொன்னியம்மா பிளாஸ்டிக் மக்கால் தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி முற்றத்தில் வீசினாள். வடிவு எழுந்து ஓடி அவள் கையைப் பிடிப்பதற்குள் தொட்டி பாதியாகியிருந்தது.

"தொட்டி இல்ல அண்ணி. நாந்தான். தண்ணிய நாந்தான் கொட்டிட்டேன்."

"இன்னாடி பேசற? எல்லாருந்தான் கொட்டினோம்." பொன்னியம்மாவின் குரல் இளகியது. "கொட்டத்தாண்டி வேணும். அதுக்குப் போய் அழுவறியே."

"இல்ல அண்ணி, நேத்து..."

பொன்னியம்மா அவள் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். "வுடு. உனக்கு வேணும்னா இந்தத் தொட்டி இருந்துட்டுப் போவுது."

அந்தத் தோளில் ஈரமும் விபூதி வாசனையுமாக இருந்தது. வடிவு அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

பாதித் தண்ணீரில் நாடா இலைகள் மடங்கிக் கிடந்தன. நாலு மீனும் ஒரே மூலையில். அவள் சிவப்பு பக்கெட்டைக் குழாயில் நிரப்பி, இரண்டு கையாலும் தூக்கி வந்து தொட்டியருகே வைத்தாள். நெடி மூக்கில் ஏறியது.

"ஊத்தேன்," என்றாள் பொன்னியம்மா. "மீனு தவிக்குது பாரு."

"ஆறணும் அண்ணி. நாளைக்கு ஆவும்."

வாசல் கழுவத் துடைப்பத்தோடு வந்த பக்கத்து வீட்டு ராணி, நிறைந்திருந்த பக்கெட்டைப் பார்த்துக் கை நீட்டினாள். வடிவு அதைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.