குடித்தவள் கோப்பை

வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் நெபாஹத்தின் வீட்டில் எதற்கும் நிம்மதி கிடையாது. கம்பளத்தைப் பால்கனிக் கம்பியில் போட்டு அடி அடியென்று அடிப்பாள். ஜன்னல், கதவுப் பிடி, சோபா, அதில் உட்கார்ந்திருக்கும் புருஷன் ரிஃப்கி, எல்லாவற்றின் மேலும் துணி போய் வரும். கடைசியில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த வாரம் அனுப்பியது, வந்தது எல்லாவற்றையும் அழித்துத் தள்ளுவாள். "இதுவும் ஒரு வீடுதானே, குப்பை சேர விடலாமா?" என்பாள். இஸ்மிர் நகரத்தின் கார்ஷியாகா பக்கத்தில் அவ்வளவு சுத்தமான கைப்பேசி வேறு யாரிடமும் இருந்திருக்காது. அந்தச் சுத்தம்தான் பின்னால் அவள் கழுத்தைப் பிடித்தது.

அவளுடைய ஒரே மகள் யெல்டா. படிப்பு முடிந்த கையோடு முதுகில் ஒரு மூட்டையை மாட்டிக்கொண்டு, மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று தென் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டாள். தாயோ எதிர்க்கரைக்குப் போகும் படகில் ஏறினாலே வாந்தி எடுப்பவள். கால் மணி நேரத் தண்ணீருக்குப் பயந்து, வளைகுடாவை முழுக்கச் சுற்றிக்கொண்டு பேருந்தில் போகிற ஆசாமி. மகள் பின்னாலேயே போய்வர அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று, காப்பிக் கோப்பை.

தினமும் காலையில் மாடி வீட்டிலிருந்து நாத்தனார் பெரிஹான் இறங்கி வருவாள். ரிஃப்கிக்கு மூத்தவள். மறதி என்றால் என்னவென்றே தெரியாதவள். தம்பி கல்யாணத்தில் யார் எத்தனை தட்டு பிலாவ் தின்றார்கள் என்று இன்றைக்கும் சொல்வாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு காப்பி குடித்த பிறகு, நெபாஹத் இன்னொன்று போடுவாள். மகளை நினைத்துக்கொண்டு அதைக் குடித்து, கோப்பையைத் தட்டில் கவிழ்ப்பாள். ஆறியதும் நிமிர்த்தி, உள்ளே வழிந்து காய்ந்த காப்பித்தூள் மண்டியில் குறி பார்த்து மகளுக்கு எழுதி அனுப்புவாள்.

"யெல்டா, ஒட்டகம் தெரிகிறது. பொறுமையாக இரு. கம்பளி பனியன் போட்டுக்கொள்."

"இன்று மீன். அதிர்ஷ்டம்தான். ஆனால் தெருவில் விற்கிற மீனைத் தின்று தொலைக்காதே. குளிர்ந்த கல்லில் உட்காராதே."

"பெரிய தண்ணீர். தாண்டினால் ஒரு கதவு. திறந்துதான் இருக்கிறது. காற்று அடிக்கும், பனியனைக் கழற்றாதே."

இங்கே ஜனவரியில் பல் கிட்டினால் அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும் என்று ரிஃப்கி ஒரு மாண்டரின் ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்து உருட்டி உருட்டி விளக்கினார்.

"ஜனவரின்னா எல்லா ஊர்லயும் ஜனவரிதான். உங்க பூகோளத்தை நீங்களே உரிச்சுத் தின்னுங்க," என்று நெபாஹத் சொல்லிவிட்டாள்.

இத்தனைக்கும் மகளிடமிருந்து பதிலாக ஒரு சிரிக்கிற முகம் வரும். அவ்வளவுதான். படிக்கிறாளோ, பார்த்துவிட்டுத் தள்ளுகிறாளோ, யாருக்குத் தெரியும்?

மூன்று மாதம் ஐந்தானது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாருடைய கைப்பேசியிலிருந்தோ யெல்டா அழைத்தாள். சிலியில் ஏதோ துறைமுக ஊர். திரையில் அவள் முகம் அழுது வீங்கியிருந்தது.

"அம்மா, கடல் சிங்கத்தைப் படம் எடுக்கலாம்னு குனிஞ்சேன். ஃபோன் தண்ணியில போயிடுச்சு."

"நீ போகலையே? அல்லாவே, உனக்கு நன்றி! சனியன் போனா போகுது."

"ஃபோனுக்கா அழறேன்? உன் குறியெல்லாம் போச்சும்மா. எதையும் பத்திரப்படுத்தி வைக்கல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இங்க தங்கியிருக்கிற விடுதிக்காரம்மா ரெண்டு வருஷம் இருந்து நடத்துறியான்னு கேக்கறாங்க. நாளைக்குப் பதில் சொல்லணும். எல்லாக் குறியையும் மொத்தமா ஒரு தடவை படிச்சுட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன். சிரிக்காதே. குறியை நம்பாதே, குறி இல்லாமலும் இராதேன்னு நீதானே சொல்வே? உன்கிட்ட இருக்குமில்ல, திருப்பி அனுப்பு."

இரண்டு வருஷம்! நெபாஹத்தின் கைப்பேசி கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் பளபளவென்று காலியாக இருந்தது. அய்யோ என்று தலையில் அடித்துக்கொள்ளப் போனவளின் கை பாதியில் நின்றது. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. எழுதினதெல்லாம் போய்விட்டது என்றால் என்ன வேண்டுமானாலும் எழுதியிருக்கலாமே! சைத்தான் சாவகாசமாக வந்து அவள் காதருகே உட்கார்ந்தான்.

"எதுக்குடி திருப்பி அனுப்பணும்? எனக்குத் தெரியாதா? ஒண்ணு விடாம எல்லாமே 'வீட்டுக்கு வா, வீட்டுக்கு வா'ன்னுதான் சொல்லிச்சு."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நெபாஹத்தின் புளுகு எட்டு நொடி தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்த பெரிஹானுக்குப் புரையேறிவிட்டது.

"அடியே! என்னை வெச்சுக்கிட்டே இப்படி அளக்கறியே! வான்னு ஒரு நாளாவது சொன்னியா? தண்ணி, பாதை, கதவு. தண்ணி, பாதை, கதவு. கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப்போச்சு."

நெபாஹத் மேஜைக்கு அடியில் நாத்தனாரின் காலை மிதித்தாள்.

"மிதிக்காதே, எனக்கு அங்கதான் ஆணி."

திரையில் யெல்டா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா?"

நெபாஹத்தின் முகம் கோணிக்கொண்டது. "ஆமாடி, பொய்தான்! தினமும் 'வா'ன்னு எழுத விரல் துடிச்சுது. கோப்பையில இல்லாததைச் சொன்னா உனக்குத் தோஷம் வந்துடுமோன்னு பயந்து, தெரிஞ்சதை மட்டும் எழுதினேன். ரெண்டு வருஷம்னு கேட்டதும் தாங்கலடி. நீ இல்லாம இந்த வீட்ல துடைக்கக்கூட எதுவும் இல்ல."

அவள் முந்தானை இல்லாத குறைக்கு மேஜைவிரிப்பை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரிஃப்கி தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார். பெரிஹான் மட்டும் புருவத்தைச் சுருக்கி எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

"இரு இரு. அந்தக் காப்பியையெல்லாம் குடிச்சது யாரு?"

"நான்தான். யெல்டாவை நினைச்சு."

"உன்னை நினைச்சு நான் தின்னா உன் வயிறு ரொம்புமாடி? யார் குடிச்சாங்களோ அவங்க கோப்பை, அவங்க குறி. பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். இத்தனை மாசமா நீ பார்த்ததெல்லாம் உன் குறி."

ரிஃப்கி ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "அப்போ தண்ணியைத் தாண்ட வேண்டியது நீதான் நெபாஹத்."

"நானா? எதிர்க்கரைக்கே போகாதவ!"

"வாம்மா," என்றாள் யெல்டா. இத்தனை மாதமாகத் தாய் எழுதத் துடித்த சொல், உலகத்தின் மறுமுனையிலிருந்து அவளுக்கே வந்து சேர்ந்தது. நெபாஹத்தால் அதற்குமேல் வாதாட முடியவில்லை.

மறுநாள் யெல்டா விடுதிக்காரம்மாவிடம் சரி என்று சொல்லிவிட்டாள். இங்கே நெபாஹத்துக்குப் பாஸ்போர்ட் எடுக்கவே ஒரு மாதம் ஓடிவிட்டது. கிளம்பின அன்று, "தண்ணி மாதிரி போ, தண்ணி மாதிரி வா," என்று பெரிஹான் வாசலில் குடம் தண்ணீரைக் கொட்டினாள். வழியனுப்பும் வழக்கத்துக்கு ஒரு சொம்பு போதும். நாத்தனார் அல்லவா, செருப்பு நனைய ஊற்றினாள். நெபாஹத் மூன்று விமானம் மாறினாள். மூன்றிலும் வாந்திக்கென்று கொடுத்த பைகளை ஒழுங்காக நிரப்பினாள். பணிப்பெண் கொண்டுவந்த காப்பி காகிதக் கோப்பையில் இருந்தது, அடியில் மண்டியே இல்லை. குறி இல்லாமல் கடலைத் தாண்டுவதாவது என்று வழியெல்லாம் முனகினாள்.

கடைசியில் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அந்தப் பக்கம் யெல்டா, கறுத்து இளைத்து, முகமெல்லாம் வியர்வை வழிய நின்றாள். வெளியே நெருப்பு வெயில். கட்டிக்கொண்ட நெபாஹத்தின் கை பழக்க தோஷத்தில் மகளின் கழுத்துப் பட்டைக்குள் நுழைந்து முதுகைத் தடவியது. சொரசொரவென்று கம்பளி.

"அடி பைத்தியக்காரி! இந்த வெயில்ல எவளாவது கம்பளி பனியன் போடுவாளா?"

"நீதானேம்மா கழட்டாதேன்னே? அப்புறம் ஃபோன் போயிடுச்சு. மாத்திச் சொல்லியிருந்தாலும் எனக்கெப்படித் தெரியும்?"

நெபாஹத் சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். அப்புறம் மகளை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துப் போய், தன் மேல்கோட்டை விரித்து மறைத்துப் பிடித்து, பனியனைக் கழற்ற வைத்தாள். அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அங்கிருந்தே ஒரு சின்னத் துண்டை எடுத்து மகளின் ஈர முதுகில் செருகினாள்.

"காத்து அடிக்கும்," என்றாள்.