மூடிச் சுவிட்ச்

சுவிட்ச் மாற்ற வந்த எலக்ட்ரீசியன் றம்ஸீன் பெட்டியைப் பிரித்து இரண்டு சுவிட்சுகளைச் சிங்க் ஓரத்தில் வைத்தபோது, விஜயகலா தன் வலது கையை ஏப்ரனுக்குள் இழுத்துக்கொண்டாள். புது ஆட்களைக் கண்டால் அந்தக் கை தானாக ஒளிந்துகொள்ளும். அதில் மிஞ்சியிருந்தது கட்டை விரலும் சுண்டு விரலும்தான்.

பலாங்கொடைக்கு மேலே அந்தப் பழைய துரை பங்களா இப்போது ஹோட்டல். மிச்சச் சாப்பாட்டைக் கொட்டினால் காட்டுப்பன்றி வருகிறதென்று, முதலாளியம்மாவான நோனா குப்பை அரைக்கும் மெசின் ஒன்றை வாங்கிச் சிங்கின் அடியில் பூட்டவைத்தார். அதன் சுவிட்சும் சமையலறையான குசினியின் லைட் சுவிட்சும் சுவரில் ஒட்டினாற்போல் இருந்தன. ஓர் அந்தி நேரம், மெசினுக்குள் விழுந்த கரண்டியை விஜயகலா துழாவிக்கொண்டிருந்தாள். இருட்டிவிட்டதே என்று நோனா லைட்டைப் போட வந்தார். லைட் எரியவில்லை.

ஆஸ்பத்திரியில், தன் முழங்கைதான் சுவிட்சில் பட்டது என்றாள் விஜயகலா. நோனா அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார். உனக்கு இங்கே எப்போதும் வேலை உண்டு என்றும் சொல்லியிருந்தார். அந்த வேலையின் சம்பளத்தில்தான் மகள் ஷாமிளா பள்ளியில் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள்.

“இது காத்துப் பட்டன். ஈரக் கையால அமத்தினாலும் கரண்ட் அடிக்காது. ஆனா யாராவது தெரியாம அமத்திரலாம்,” என்றான் றம்ஸீன், ஒரு சுவிட்சைக் காட்டி. “மத்தது மூடி. இதால மெசின் வாயை மூடித் திருப்பினாத்தான் ஓடும். கை உள்ளுக்கு இருந்தா ஓடவே ஏலாது.”

“அவளையே கேளுங்கள். பட்டவள் அவள்தானே,” என்றார் நோனா சிங்களத்தில்.

அந்தக் குசினியில் அவளை யாரும் எதுவும் கேட்டதில்லை. விஜயகலாவுக்கு முகமெல்லாம் சூடேறியது.

“மூடிதாங்க நல்லது. வேற யாருக்கும் இப்புடி ஆவக்கூடாது.”

பூட்டி முடித்ததும் நோனா அவளையே ஓட்டிப் பார்க்கச் சொன்னார். மூடியை அழுத்திப் பிடித்து இறுக்கித் திருப்ப வேண்டும். வலது கை வழுக்கியது. இடது கைக்கு மாற்றினாள், அதுவும் வழுக்கியது. சிங்கின் மேல் கவிழ்ந்து, பல்லைக் கடித்துத் திருப்பியதும் மெசின் உறுமியது. அவள் சிரித்தபடி நிமிர்ந்தாள்.

நோனா றம்ஸீனைப் பார்த்தார். “காலையில் தட்டுகள் குவியும்போது இவளால் முடியாது.”

“புதுசுதானே நோனா, கொஞ்ச நாள்ல இளகிரும்.”

“அதுவரை யார் காத்திருப்பது? விஜயகலா, நீயே தேர்ந்தெடுத்ததுதானே இது.”

“பட்டனையே போட்டுருங்க நோனா. நான் பாத்து நடந்துக்கிறேன்.”

“ஐயோ, அது ஆபத்து. இன்னொரு கை போனால் ஹோட்டலின் பெயர் என்ன ஆவது? நாளையிலிருந்து மகளை அனுப்பு. அவளுக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறதே.”

“புள்ளைக்கு ஏ.எல். சோதனை வருதுங்க.”

“சோதனை அடுத்த வருடமும் வரும்.”

“அன்னிக்கு லைட்டு போட வந்தது...” என்று விஜயகலா தொடங்கினாள். றம்ஸீன் தலையைத் தூக்கினான்.

“என்ன?” என்றார் நோனா, மிக மெதுவாக.

நாளை ஷாமிளா நிற்கப்போவது இந்தச் சிங்கடியில்தான். “ஒண்ணுமில்லங்க,” என்றாள்.

மறுநாள் காலை மகளை உள்ளே அனுப்பிவிட்டு விஜயகலா கேட்டடியிலேயே நின்றாள். குசினிப் பக்கம் மெசின் உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. ஒவ்வொரு முறை நின்றபோதும் அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். கீழே வளைவில் ஸ்கூல் பஸ் நின்று ஹாரன் அடித்தது. கொஞ்சம் பொறுத்து, இன்னொரு முறை அடித்தது. பிறகு புகையைக் கக்கிக்கொண்டு இறக்கத்தில் இறங்கியது.