முப்பத்தாறு காட்சி பார்த்தவளின் சாட்சி

படம் எப்படி இருக்கிறது என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. பாப்பிரெட்டிப்பட்டி தியேட்டர் கேண்டீனில் பதினோரு வருடமாகப் பப்ஸ் விற்கிறவளிடம், பப்ஸ் சூடாக இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். கேட்காவிட்டால் போகட்டும். அந்தப் பேய்ப் படத்தைப் பற்றிப் பேச இந்த ஊரில் என்னைவிட உரிமை உள்ளவள் கிடையாது. அதை எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மலைப் பங்களா, ஒரு பாதர், பேய் பிடித்த ஒரு சிறுமி. இடைவேளைக்கு முன்னால் அவள் தரையில் விழுந்து வெட்டி வெட்டி இழுப்பாள், கண் மேலே சொருகும், வாயில் நுரை தள்ளும். கடைசியில் பாதர் சிலுவையை அவள் நெஞ்சில் வைத்து ஜெபிப்பார், பேய் அலறிக்கொண்டு ஓடும். முழுப் படத்தையும் நான் ஒரு தடவைதான் பார்த்தேன். ஆனால் அவள் விழும் காட்சியை, ஒன்பது நாளில் ஓடிய முப்பத்தாறு காட்சியிலும், பப்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்று பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இடைவேளையில் ஆளுக்கொரு தீர்ப்பு. "யப்பா, உசுரே போயிடிச்சி" என்றார் சித்தேரியிலிருந்து வந்த ஒருவர். "பேய் மேக்கப் செம மொக்கை" என்றது ஒரு காலேஜ் பெண். "நம்ம முனியப்பன் கோயில்ல கொண்டாந்து வுட்டிருந்தா ரெண்டே நிமிசத்துல ஓட்டியிருப்பாங்க, இதுக்குப் போயி ரெண்டரை மணி நேரமா?" என்று டீ குடித்துக்கொண்டே கேட்டார் ஒரு பெரியவர். நானும் சிரித்துவிட்டேன்.

புதன்கிழமை மதியக் காட்சிக்கு எங்கள் சபையே வேன் வைத்து வந்து இறங்கியது. "ஏசு நாமத்தோட வல்லமைய எல்லாரும் பாக்கணும்" என்று பாஸ்டரே டிக்கெட் எடுத்திருந்தார். என் தம்பி மாதவராஜ், அவன் மனைவி கலைமணி, ஏழாவது படிக்கும் அவர்கள் மகள் காவியா, மூன்று பேரும் வந்தார்கள், காவியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு. படம் முடிந்து வெளியே வந்தபோது கலைமணியின் முகம் வெளுத்திருந்தது. காவியாவுக்கு வலிப்பு உண்டு. இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறாள், ஒன்றரை வருடமாக விழவே இல்லை.

அன்று சாயங்காலமே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பிரேயர் வரிசையிலேயே காவியா விழுந்தாள். கன்னத்தில் சிராய்ப்பு, நாக்கில் பல் பட்ட காயம். கேள்விப்பட்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். மாத்திரையை நிறுத்தியதே அங்கே போய்த்தான் எனக்குத் தெரிந்தது.

"மாத்திரைய ஏன்டா நிறுத்துன?"

"அது நோவு இல்லக்கா. நீதான் படம் பாத்தல்ல? இண்டர்வெல்லுக்கு அப்பறம் அந்தப் புள்ளைக்கு ஜாஸ்தியாத்தான ஆச்சி? போற நேரத்துல அது அப்பிடித்தான் ஆட்டம் போடும். ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சதும் மூணு நாளு உபவாச ஜெபம். பாஸ்டர் கூடவே ஒக்காருறாரு. சோறு தண்ணி கெடையாது, மாத்திரையும் கெடையாது."

"டேய், ரெண்டு நாளு மாத்திரை இல்லாததுக்கே வுழுந்திருக்கா. இன்னும் மூணு நாளு பட்டினியும் போட்டா புள்ள உசுரு போயிரும்டா."

அவன் என்னைக் கொஞ்சம் வினோதமாகப் பார்த்தான். "என்னாக்கா நீயே இப்பிடிப் பேசற? ஒன்னைய ஜெபத்துலதான சொகமாக்குனாரு? வருசா வருசம் நீதான சாட்சி சொல்ற?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்தது. அம்மா என்னை ஜெபத்துக்குக் கொண்டுபோனாள். ஒரு வாரம் எண்ணெய் பூசி, தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். நான் விழுந்துகொண்டேதான் இருந்தேன். அப்பா அம்மாவுக்கும் சபையில் யாருக்கும் சொல்லாமல் தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கித் தந்தார். விழுவது நின்றது. அம்மா சபையில் எழுந்து, மகள் ஜெபத்தில் சுகமானாள் என்று சாட்சி சொன்னாள். அப்பா வாயைத் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சபை ஆண்டு விழாவிலும் 'நிர்மலா சிஸ்டர் சாட்சி' என்று ஒரு நேரமே ஒதுக்கினார்கள். கல்யாணச் சந்தையில் எனக்கு அந்தச் சாட்சிதான் சீர்வரிசை. மேடையில் சுகமானேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து இரவு மாத்திரையை விழுங்குவேன். இருபத்தாறு வருடம் இந்தக் கூத்து. அப்பாவைத் தவிர என் வீட்டுக்காரர் குருவுக்கு மட்டும் தெரியும்.

யாருக்கும் நஷ்டமில்லாத பொய் என்று நினைத்திருந்தேன். அந்தப் பொய் காவியாவின் கழுத்தில் வந்து நின்றது. சினிமாக்காரன் சொன்ன பொய்யைவிட நான் சொன்னது பெரிய பொய். அவனாவது முதலிலேயே கற்பனை என்று எழுத்துப் போட்டான்.

சனிக்கிழமை குருவிடம் சொன்னேன். "சபைய வுட்டே தள்ளிருவாங்க" என்றார். "தள்ளட்டும்" என்றேன்.

எங்கள் சபையில் சாட்சி நேரத்துக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருமுறை இரண்டு சகோதரிகள் சாட்சி நடுவிலேயே வரப்புத் தகராறை இழுத்துவிட்டார்கள். அன்று பாஸ்டர் போட்ட சட்டம் அது. சாட்சி சொல்கிறவர் 'ஆமென்' சொல்லி முடிக்கும் வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது, பாஸ்டர் உட்பட. ஞாயிறு அன்று காலை மாத்திரையை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டு, அட்டையோடு இடுப்பில் செருகிக்கொண்டு போனேன்.

முதலில் காசியம்மாள் எழுந்து, படம் பார்த்த நாளிலிருந்து முழங்கால் வலி குறைந்தது என்றாள். "அல்லேலூயா" என்றார்கள். அடுத்து நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மைக்கைப் பிடித்தேன்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நீங்க எல்லாம் அந்தப் படத்த ஒரு தடவ பாத்தீங்க. அந்தப் புள்ள விழுறத நான் முப்பத்தாறு தடவ பாத்தேன். அது சுத்தப் பொய்யிங்க. நாக்கக் கடிச்ச ரத்தம் எங்க? பாவாடை நனைஞ்சது எங்க? எழுந்ததும் ஆம்பளக் கொரல்ல வசனம் பேசறாளே, அடிச்சிப் போட்ட மாதிரி தூக்கம் வரணுமே, அது எங்க? விழுந்து எழுந்தவ பேயாட்டம் கத்த மாட்டா. அம்மா எங்கன்னு கேப்பா. எனக்குத் தெரியும். நான் விழுந்தவ."

பாஸ்டர் புன்னகையோடு தலையாட்டினார். வழக்கமான சாட்சிக்குத்தான் வருகிறேன் என்று நினைத்திருப்பார்.

"என்னைய ஜெபம் மட்டும் சொகமாக்குனதுன்னு இத்தன வருசமா இங்க நின்னு சொன்னேன். பொய்யிங்க. எங்கப்பா வாங்கித் தந்த மாத்திரதான் என்னைய நிறுத்தி வெச்சிருக்குது. இன்னிக்கி வரைக்கும் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எங்கம்மா நம்பிச் சொன்னாங்க, நான் தெரிஞ்சே சொன்னேன். பாவம் என்னுது."

கூட்டத்தில் சலசலப்பு. பாஸ்டர் எழுந்தார், வாய் திறந்தார், பிறகு தான் போட்ட சட்டம் நினைவுக்கு வந்து நின்றார். அவர் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. எனக்கு வலித்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

"பாஸ்டர் மேல எனக்குக் கோவம் இல்ல. ஜெபம் பண்ணுங்க, நானும் கூட ஒக்காந்து மண்டி போடறேன். ஆனா மாத்திரையக் குடுத்துட்டுப் பண்ணுங்க. டாக்டருக்கு அறிவு குடுத்ததும் அதே சாமிதான?"

இடுப்பிலிருந்து அட்டையை எடுத்தேன். எல்லோரும் பார்க்க ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டு, மேசை மேலிருந்த பாஸ்டரின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

"அக்கா! கீழ எறங்கு!" மாதவராஜ் கத்தினான்.

"சாட்சி முடியலடா. ஒக்காரு."

அவன் உட்காரவில்லை. ஆனால் அவன் என்னிடம் வருவதற்கு முன்னால் கலைமணி எழுந்தாள். தன் பைபிளின் உறையில் இருந்த ஜிப்பைத் திறந்து, உள்ளிருந்து காவியாவின் மாத்திரை அட்டையை எடுத்தாள்.

"தூக்கிப் போட மனசு வரலீங்க, அண்ணி" என்று அழுதாள். "நாலு நாளா இதுலயேதான் வெச்சிருந்தேன்."

காவியா யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தாள். கன்னத்துச் சிராய்ப்பு இன்னும் காயவில்லை. கலைமணி பின்னாலேயே வந்து மகளின் உள்ளங்கையில் மாத்திரையை வைத்தாள். நான் பாட்டிலைக் கொடுத்தேன். விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஆமென்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள். கத்தட்டும். மாத்திரை உள்ளே போய்விட்டது.