முப்பது கிலோவும் ஒரு மடியும்

தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனால், ராஸ் அல் கைமா விமான நிலையத்தில் இறங்கும் விமானத்தின் சக்கரம்கூடத் தெரியும். ஆனாலும் ஊருக்குப் போவதென்றால் ஷார்ஜாவுக்குத்தான் ஓடவேண்டும் என்பது டைல்ஸ் கம்பெனிக்காரர்களின் வேதவாக்கு. சோலைமுத்துவும் ஏழு வருஷமாக அப்படித்தான் ஓடினான். அதனால் ஆபீஸ் ராதிகா வாட்ஸாப்பில் டிக்கெட் அனுப்பியபோது அவன் பார்த்தது இரண்டே இரண்டு: தேதி, பெட்டிக்கு எத்தனை கிலோ. கேம்பில் டிக்கெட்டை அப்படித்தான் படிப்பார்கள்.

ஷார்ஜா விமான நிலைய வாசலில் காவலர் போனை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். விமானம் இரண்டரைக்குத்தான், கோழிக்கோட்டுக்குத்தான். ஆனால் கிளம்புவது ராஸ் அல் கைமாவிலிருந்து. அப்போது மணி பன்னிரண்டரை.

நாளைக் காலை பொள்ளாச்சியில் தங்கை தாமரையின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும். அவளுடைய மூத்த பையனுக்குக் குத்தியபோது இவனுக்கு லீவு கிடைக்காமல், ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் மடி கொடுத்தான். மாமன் மடி பார்சலில் வருமா என்று மாப்பிள்ளை வீட்டார் கேலி பேசியது தாமரைக்கு இன்னும் ஆறவில்லை. போன வாரம்கூடச் சொன்னாள்.

"பெட்டி கிட்டியெல்லாம் எனக்கு வேண்டாங்ண்ணா. உன்ற மடி வந்தாப் போதும்."

கேட்டானா? போர்வை, பால்பவுடர், கோடாலித் தைலம், மாப்பிள்ளை வீட்டார் வாயை அடைக்க ஒரு மிக்ஸி என்று அட்டைப்பெட்டியில் திணித்து, கயிறு கட்டி, முப்பதுக்கு நூறு கிராம் கூடாமல் எடை போட்டே நேற்றைய பொழுதைப் போக்கினான். அதில் ஒரு நிமிஷம் டிக்கெட்டைப் படித்திருக்கலாம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த மடையன்.

நல்லவேளையாக, அவனைக் கொண்டுவந்து விட்ட டிரைவர் ஷம்சாத் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் சிரிக்கக்கூட இல்லை. பெட்டியைத் தூக்கிப் போட்டார், வண்டி பறந்தது. பறந்தது என்று சொன்னாலும், வேகத்தைப் படம்பிடிக்கும் கேமரா கம்பம் வரும்போதெல்லாம் மெல்லப் பதுங்கியது. சோலைமுத்து காரின் கடிகாரத்தைப் பார்த்தான், தன் கடிகாரத்தைப் பார்த்தான், போனைப் பார்த்தான். மூன்றும் ஒரே மணியைத்தான் காட்டின. சட்டைப்பையில் குழந்தையின் தோடு இருக்கிறதா என்று நாலு தடவை தொட்டுப் பார்த்தான். உம்முல் குவைன் தாண்டியதும் வழியில் ஒட்டகம் நின்றாலும் அடித்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது.

போய்ச் சேர்ந்தபோது ஒன்று நாற்பது. சின்ன நிலையம். வரிசையே இல்லை. கவுண்டரில் ஜோஸ்மி என்ற கன்னியாகுமரிப் பெண் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தாள். இவன் காதுகுத்து, மாமன், மடி என்று மூச்சிரைக்கக் கொட்டியதைக் கேட்டு, உள்ளே யாரிடமோ வயர்லெஸ்ஸில் கெஞ்சினாள்.

"அண்ணா, பெட்டி ஏத்துற பெல்ட் நின்னாச்சு. ஆளு மட்டும்னா இப்பவே ஓடுங்க."

பெட்டியைப் பார்த்தான். மூன்று வருஷம் சேர்த்தது. ஒரு கணம் கால் நகரவில்லை. பிறகு கயிற்றை ஷம்சாத் கையில் கொடுத்துவிட்டு ஓடினான். பெட்டி பத்தே நிமிஷத்தில் கேம்புக்குத் திரும்பிவிட்டது.

இருக்கையில் விழுந்ததும் தங்கையைக் கூப்பிட்டான்.

"தாமரை, பெட்டி வருல. மடி மட்டும் வருது."

அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரிவதற்குள், பணிப்பெண் போனை அணைக்கச் சொன்னாள்.